தறிக்குழியில் வரைந்த கூகை

என் கணவர் கந்தவேல் தறியை விட்டுப் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டராகச் சேர்ந்த பிறகு, எங்கள் வீட்டு முன்னறையில் தறி இல்லை. தறிக்குழி மட்டும் இருந்தது. நெசவாளி கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து மிதிகளை மிதிப்பதற்காகத் தரையில் வெட்டிய அந்தக் குழியை என் மாமியார் சுப்பாத்தாள் பலகை போட்டு மூடி, உள்ளே பூசணிக்காய்களை அடுக்கி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில் அந்தப் பூசணிக்காய்களை நான் வெளியே எடுத்து வைத்தேன். ஏன் எடுத்து வைத்தேன் என்பதை முறையாகச் சொல்ல வேண்டுமானால், வெள்ளையனிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளையன் லேபிள் ஏஜெண்டு. திருப்பூரிலிருந்து வெளியூர் போகும் ஒவ்வொரு பனியன் பெட்டியின் மூடியிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். கிளி, யானை, தாமரை, கப்பல் என்று ஏதாவது ஒன்று. எழுத்துப் படிக்காதவர்கள் அந்தப் படத்தைச் சொல்லித்தான் கடையில் பனியன் கேட்பார்கள். அச்சடிப்பது சிவகாசியில், ஆனால் மூலப் படம் இங்கிருந்து போக வேண்டும். வெள்ளையன் கம்பெனிகளில் ஆர்டர் பிடித்து வருவார், நான் வீட்டில் வரைந்து கொடுப்பேன், படத்தின் கீழ் மூலையில் அவர் பெயர் இருக்கும். என் தந்தையார் சென்னிமலையில் படுக்கை விரிப்புகளுக்குக் கரைச் சித்திரம் எழுதியவர். அவரைப் பார்த்து வளர்ந்ததில் எனக்குக் கோடு நடுங்காது. அந்தக் கோட்டுக்கு வேறொருவர் பெயர் போடுவதை நான் சில காலம் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வெள்ளையன் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் லேபிளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு வெள்ளைக் குதிரைகள் பாய்ந்துகொண்டிருந்தன.

"இதையே போட்டுக் குடுத்துருங்க அம்மிணி. குதிரைக்கு மட்டும் செவப்புக் கலரு குடுத்துருங்க."

"அடுத்தவங்க மார்க்கைப் பார்த்து எழுதறதுக்கு நான் எதுக்குங்க? எண்ணெய்த் தாள் வெச்சு நீங்களே ஒத்தி எடுத்துக்கலாமே."

"கண்ண மூடீட்டு வாங்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"கண்ணைத் தொறந்துட்டு வாங்கறவனுக்கு?"

"அவன் நம்ம ஏவாரமில்லீங்க," என்றார் வெள்ளையன்.

அந்த லேபிளைத் திருப்பிக் கொடுத்ததோடு, இனி எனக்கு வேலை கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "எங்க போயிருவீங்க? வேலை என்ன நடந்து உங்கூட்டுக்கு வருமா?" என்று வாசற்படியில் நின்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்பதை நான் அப்போதே ஏற்றுக்கொண்டேன்.

கந்தவேல் கோபித்துக்கொள்ளவில்லை. உணவு முடிந்ததும், "எங்க கம்பெனியில கைமடிப்புக்கு ஆள் வேணும்னு கேக்கறாங்க. ஆயுத பூசை வரைக்கும் ஒரு எடம் பிடிச்சு வெச்சிருக்கச் சொல்றேன். அதுக்குள்ள உன்ர பேருல ஒரு வேலை வந்துதுன்னா செரி. இல்லீன்னா கம்பெனிக்கு வந்துரு மயிலா," என்றார்.

கைமடிப்பு இழிவான வேலை அன்று. தைத்து வந்த பனியன்களைக் கையால் நீவி மடித்து அடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். ஆனால் பகல் முழுவதும் துணியை மடித்த கை மாலையில் தூரிகையைப் பிடிக்காது. அந்த வேலைக்குப் போனால் நான் வரைவது அதோடு முடிந்தது. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் ஆயுத பூசை வரை என்று தவணை சொன்னார்.

வேலை தேடுவதற்கு முன், வேலை செய்வதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அதுவரை நான் சன்னலோரத்தில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைந்துவந்தேன். சன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை இந்த உலகம் சும்மா இருப்பவளாகவே எண்ணுகிறது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு, "சித்த பாத்துக்க மயிலா, இப்ப வந்தர்றேன்," என்று கடைக்குப் போவாள். தபால்காரர் தெருவுக்கே உரிய தபால்களை என்னிடம் தந்துவிட்டுப் போவார். அத்தை அரிசி புடைக்கும்போது பேச்சுக்கு என்னைத்தான் கூப்பிடுவார். ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய வளைவைப் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினால், சேர்ந்த இடம் தெரியும். அச்சகத்துக் கல்லில் ஏறி அச்சாகி ஆயிரம் பெட்டியில் ஒட்டிய பிறகும் தெரியும்.

கதவைச் சாத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எங்கள் தெருவில் பகலில் கதவைச் சாத்தினால், உள்ளே யாருக்கு என்ன உடம்பு என்று விசாரிக்க இன்னும் நான்கு பேர் வருவார்கள்.

எங்கள் தெருவில் எவரும் தொந்தரவு செய்யாத மனிதர் யார் என்று யோசித்தேன். தறிக்குழிக்குள் இருப்பவர்தான். குழிக்குள் இறங்கியவரை எழுந்திருக்கச் சொல்லும் வழக்கம் எங்களவரிடம் கிடையாது. வாசலில் சம்பந்தி வந்து நின்றாலும், "தறியில இருக்கறாங்க," என்று சொன்னால் போதும். நூலோடு குறுக்கே ஓடும் நாடாவின் ஓசை தானாக நிற்கும்வரை காத்திருப்பார்கள்.

அதனால்தான் பூசணிக்காய்களை வெளியே எடுத்தேன்.

"இதென்ன கூத்து?" என்றார் அத்தை. "தறியும் இல்ல, நூலும் இல்ல. வெறுங்குழிக்குள்ள உக்காந்து என்ன பண்ணப் போறே?"

"வரையப் போறனுங்க அத்தை."

"மேல உக்காந்து வரைஞ்சா மை ஒட்டாதா?"

"ஒட்டுமுங்க. ஆனா நீங்க கூப்புடுவீங்க."

அத்தை பூசணிக்காய்களைத் தாமே எண்ணிச் சமையலறை மூலைக்குக் கொண்டுபோனார். நான் குழியைப் பெருக்கிச் சாணம் மெழுகி, முன்பு நெய்த துணி சுருளும் மரம் இருந்த இடத்தில் என் வரைபலகையைப் பொருத்தினேன். கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பலகை மார்புக்கு நேராக நின்றது. தறிக்கென்று வைத்த சன்னல், இடப்பக்கமிருந்து வெளிச்சம் தந்தது. வரைவதற்கு இதைவிட ஒழுங்கான இடத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மறுநாள் காலை நல்லம்மாள் பாத்திரத்தோடு படியேறி வந்தாள். வாயைத் திறந்தவள், என் கால்கள் குழிக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க அத்தை, மயிலா தறியில இருக்குதாட்டிருக்குது," என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"தறி எங்க இருக்குது? படம் போட்டுட்டு இருக்கறா."

"குழி இருக்குதில்லீங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முதல் என் நாளுக்கு ஒரு வடிவம் கிடைத்தது. காலை வெளிச்சத்தில் கோடு. உச்சிப் பொழுதில் எழுத்துப் பழக்கம். வெயில் சாய்ந்த பிறகு வண்ணம். தூரிகைகளைக் கழுவித் துடைத்து அளவு வாரியாக அடுக்காமல் குழியை விட்டு ஏற மாட்டேன். கையில் ஆர்டர் எதுவும் இல்லாத நாட்களிலும் அதே நேரத்தில் இறங்கினேன். திருப்பூர்ப் பனியன் நிறையக் கல்கத்தாவுக்குப் போவதால், அங்கிருந்து வந்த பொதிகளின் மேலிருந்த வங்காள எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினேன். வேலை வந்தால் உட்காரலாம் என்று காத்திருப்பது ஒரு வகைச் சோம்பல். அதற்கு நான் இடம் தரவில்லை.

இனி வேலை. முதலில் கம்பெனிகளுக்கே நேராகப் போனேன். மாதிரிப் படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, காலை வேலைகள் முடிந்ததும் புறப்படுவேன். சில இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சில இடங்களில் மரியாதையாக உட்காரவைத்து, "லேபிளெல்லாம் வெள்ளையன் பாத்துக்குவாருங்க," என்றார்கள். ஏற்கெனவே மார்க் வைத்திருக்கும் கம்பெனிக்குப் புது மார்க் எதற்கு என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இன்னும் மார்க் இல்லாத கம்பெனியை நான் தேட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கு முதலில் தெரியும்? பெயர்ப் பலகை எழுதுபவருக்குத் தெரியாது, ஏனென்றால் பலகை கடைசியில்தான் வரும். பனியன் தைப்பதற்கு முன்பே பெட்டிக்குச் சொல்லிவிடுவார்கள். ஆகவே நான் அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டறைக்குப் போனேன்.

பட்டறையை நடத்திய ரங்காத்தாள் முழங்கை வரை பசையோடு உட்கார்ந்திருந்தார். "வாங்க அம்மிணி. பொட்டி வேணுமுங்களா?"

"பொட்டி வேண்டாமுங்க. புதுசா பொட்டிக்குச் சொன்னவங்க யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

"ஏனுங்க, கடனா குடுத்திருக்கறீங்க?"

"இல்லீங்க. பொட்டி மேல ஒட்டறதுக்குப் படம் எழுதறவ நான்."

ரங்காத்தாள் என் மாதிரிப் படங்களைக் கையால் தொடாமல், கழுத்தை நீட்டிப் பார்த்தார். "நெம்ப சுத்தமா இருக்குது. காங்கயம் ரோட்டுல ஆத்தப்பக் கவுண்டருன்னு ஒருத்தரு. தோட்டங்காடு பாத்துட்டு இருந்தவரு, இப்ப ரெண்டு மிசின் வாங்கிப் போட்டிருக்கறாரு. பொட்டி அளவு குடுத்துட்டாரு. மூடி மேல என்ன வருதுன்னு கேட்டா, மொகட்டப் பாக்கறாரு. போயிப் பாருங்க."

நான் போனபோது ஆத்தப்பக் கவுண்டர் தம் கிடங்கில் பின்னல் எந்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். உயரமானவர், நிதானமாகப் பேசுபவர். என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கல்கத்தாவுக்குத்தானுங்க அம்மிணி எல்லாச் சரக்கும் போவுது. அந்த ஊருச் சனத்துக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு ஒண்ணுந் தெரியிலீங்க. வெள்ளையன் மயிலு போட்டுக் கொண்டாரேன்னு சொல்லியிருக்கறாரு. நீங்களும் ஒண்ணு கொண்டாங்க. புரட்டாசி மூணாஞ் சனிக்கெழம ரெண்டையும் வெச்சுப் பாத்துப்போடலாம்."

அப்படியாக எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆயுத பூசைக்கு முன் இன்னொரு வாய்ப்பு வரும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

கல்கத்தாக்காரர்களுக்கு எது மங்கலம் என்று திருப்பூரில் ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கந்தவேலிடம், அவருடைய கம்பெனிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த பொருள் எதுவாக இருந்தாலும் பார்த்துவந்து சொல்லும்படி கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆபீசுல ஒரு காலண்டர் தொங்குது. அங்கத்த ஏவாரி அனுப்பினது. லட்சுமி நிக்கறா, கையில நெல்லுக்கதிரு. கால்கிட்டப் பாத்தா ஒரு கூகை உக்காந்திருக்குது. அச்சடிச்சவனுக்குப் புத்தி எங்க போச்சோ."

"அதைக் கொண்டாங்க."

"சாவுக்குருவிப் படத்தையா?"

"ஒண்ணு போதாதுங்க. மத்தக் கம்பெனியிலயும் கேட்டுப் பாருங்க. அங்கயும் கூகை இருந்துதுன்னா, புத்தி போனது அவனுக்கில்லை."

அவர் கேட்டுப் பார்த்தார். வேறு வேறு வியாபாரிகள் அனுப்பிய மூன்று காலண்டர்கள் வந்தன. மூன்றிலும் லட்சுமியின் அருகே, நெஞ்சும் முகமும் வெளுத்த கூகை ஆந்தை அமர்ந்திருந்தது. எந்தப் பறவை வீட்டுக் கூரையில் கத்தினால் நம் ஊரில் கல்லெடுத்து விரட்டுகிறோமோ, அதே பறவை அந்த ஊரில் லட்சுமியின் வாகனம். ஒரு வங்காளத்துப் பெண் கடைத்தெருவில் பெட்டிகளைப் பார்க்கும்போது, கிளிக்கும் யானைக்கும் நடுவே அவள் கண் எங்கே போய் நிற்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லாமல் போயிற்று. வெள்ளைக் கூகை என்று முடிவு செய்தேன். கருநீலப் பின்னணி; நெற்கதிர்க் கட்டின் மேல் நேர்முகமாக அமர்ந்த கூகை; இருதய வடிவ முகம்; விழித்த கண்கள்.

கோடு முடிந்து முகம் தெளிந்த அன்று அத்தை அறைக்குள் வந்தார். பலகையைப் பார்த்தார். கையிலிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிலைப்படி வரை பின்வாங்கினார்.

"அடி பாதகத்தி. வெளக்கு வெக்கிற ஊட்டுக்குள்ள கூகையா?"

"படந்தானுங்க அத்தை."

"அது என்னையே பாக்குது."

"நல்லா வந்திருக்குதுன்னு அர்த்தமுங்க."

"அது இந்த ஊட்ட உட்டுப் போறவரைக்கும் நான் இந்த அறைப்பக்கம் வரமாட்டேன். சோத்த நீயே வந்து போட்டுத் தின்னுக்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த வாரம் போல இடையூறில்லாத வாரம் எனக்கு வாய்த்ததில்லை. கூகையின் நெஞ்சில் இருக்கும் சிறு புள்ளிகளைக்கூட ஒன்றையும் விடாமல் வைத்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கிடங்குக்குப் போனேன். வெள்ளையன் எனக்கு முன்பே வந்து, தம் மயிலை மேசைமேல் விரித்திருந்தார். வரைந்தது யார் என்று தெரியவில்லை. கழுத்து நன்றாக இருந்தது, கால்கள் கோழியின் கால்கள்.

"மயிலு நல்லாத்தான் இருக்குது," என்றார் ஆத்தப்பக் கவுண்டர். "ஆனா மயிலு இந்த ஊருல எல்லார்த்துகிட்டயும் இருக்குதுங்களே. அம்மிணி, நீங்க கொண்டாந்தத எடுங்க பாக்கலாம்."

நான் விரித்தேன். பில் எழுதிக்கொண்டிருந்த கணக்கர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். வெள்ளையன் முதலில் திகைத்தார். பிறகு தொண்டையைச் செருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். கவுண்டர் மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் வெறுப்பையோ அச்சத்தையோ எதிர்பார்த்து, அதற்குரிய விளக்கத்தோடு நான் வந்திருந்தேன். அவர் முகத்தில் ஏறியது சினம்.

"இத உங்கள யாரு போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. நானா யோசிச்சுப் போட்டதுங்க."

"என்ர மச்சான் ஒருத்தன் இருக்கறான், தாராபுரத்துல. என்னைக் கண்டாப் பட்டப்பகல்ல, 'மாப்பளைக்கு வெளக்கு எடுத்துட்டு வாங்கடா, கண்ணு தெரியாது,'ம்பான். அவன் சொல்லி அனுப்பிச்சானா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளையன்தான் மகிழ்ச்சியோடு விளக்கினார். "கவுண்டரு ஆந்தை கூட்டமுங்க அம்மிணி. தெரியாதுங்களா?"

தெரியாது. கொங்கு வேளாளர்கள் தம் குலத்தைக் கூட்டம் என்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு, சிலவற்றுக்குப் பறவையின் பெயர். பெண் கொடுத்து எடுக்கும்போது அவர்களுக்குள் முதல் கேள்வியே அதுதான். நெசவுத் தெருவிலிருந்து வந்த நான் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கல்கத்தாவை விசாரித்தவள் காங்கயம் ரோட்டை விசாரிக்கவில்லை. மணவறையிலிருந்து இன்றுவரை மைத்துனர்கள் எந்தப் பறவையைச் சொல்லி அவரைக் கேலி செய்தார்களோ, அதையே பெரிதாக வரைந்து, அவர் மேசைமேல், அவர் ஆட்களின் முன்னால் விரித்து வைத்திருந்தேன்.

பிழை பிழைதான். ஆனால் பிழை படத்தில் இல்லை.

"உங்க கூட்டம் என்னன்னு விசாரிக்காம வந்தது என்ர தப்புங்க. அதுக்கு மன்னிச்சுக்குங்க. படம் தப்பில்லீங்க," என்றேன். காலண்டர் ஒன்றை விரித்தேன். "இது கல்கத்தாவுல அச்சடிச்சதுங்க. லட்சுமிக்குப் பக்கத்துல பாருங்க."

கவுண்டர் குனிந்து பார்த்தார். வெள்ளையனும் பார்த்தார். "காலண்டர் அடிச்சவன் மப்புல அடிச்சிருப்பானுங்க," என்றார்.

"அப்படி நீங்க சொல்லுவீங்கன்னுதான் இன்னும் ரெண்டு கொண்டாந்திருக்கறேன்." மற்ற இரண்டையும் அதன்மேல் விரித்தேன். "மூணு ஏவாரி, மூணு அச்சாபீசு. மூணு பேரும் ஒரே நாள்ல குடிச்சிருக்க மாட்டாங்க."

கணக்கர் சிரித்துவிட்டு, கவுண்டரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"செரி," என்றார் கவுண்டர். குரலில் சினம் குறைந்திருந்தது. ஆனால் முகம் தெளியவில்லை. "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஊருல என்னை என்ன பேசுவாங்க?"

"ஊருல யாரும் உங்க பொட்டிய வாங்கப் போறதில்லீங்க."

கவுண்டர், கல்கத்தா வியாபாரிக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்பதாகவும், இணைப்புக் கிடைக்கும்வரை என்னை உட்காரும்படியும் சொன்னார்.

"கெடைக்கறப்பக் கெடைக்கட்டுங்க. எனக்கு ஊட்டுல வேலை இருக்குது," என்றேன். என் கையில் வேறு ஆர்டர் எதுவும் இல்லை என்பது உண்மை. அது நான் எழுத்துப் பழக உட்காரும் வேளை என்பதும் உண்மை. ஒருவர் வாசலில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்து வேலை வாங்கினால், அதன்பின் எப்போதும் அவர் வாசலில் உட்கார வேண்டியிருக்கும். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். வெள்ளையன் இருக்கும் இடத்தில் அதை விட்டுவிட்டு வரும் அளவுக்கு நான் வெள்ளந்தி அல்லேன்.

ஞாயிறு போயிற்று; திங்களும் செவ்வாயும் போயின. செய்தி இல்லை. கந்தவேல் சாப்பிடும்போது, "கைமடிப்பு எடத்துக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லோணுமாம்," என்று மட்டும் சொன்னார். நான் தலையசைத்தேன். மறுநாளும் அதே நேரத்தில் குழிக்குள் இறங்கினேன். வங்காள எழுத்துகளில் கொக்கி போட்டதுபோல் வரும் ஒன்று எனக்கு இன்னும் படியவில்லை. அதையே தாள் முழுவதும் எழுதினேன். கை ஓடிக்கொண்டிருந்ததால் மனம் அதிகம் ஓடவில்லை.

வியாழக்கிழமை காலை வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. ஆத்தப்பக் கவுண்டர் இறங்கினார். அவருக்குப் பின்னால், மூக்குத்தி மின்ன, அகலக் கரைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் இறங்கினார். கவுண்டரின் மனைவி பெரியாத்தாள்.

"வாங்க, வாங்க," என்று அத்தை பாயை விரித்தார். ஆனால் கூகை இருந்த அறையில் அல்ல, கூடத்தில் விரித்தார்.

"அந்தப் படம் எங்கீங்க அம்மிணி?" என்றார் பெரியாத்தாள், உட்காராமலே. "இவிய நாலு நாளாச் சோறு தின்னாமக் கெடக்கறாங்க. அது என்னன்னு நான் பாக்கோணும்."

குழியை விட்டு ஏறிவந்து, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். பெரியாத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க," என்று கணவரைக் கூப்பிட்டார். "நல்லாப் பாருங்க. உங்கப்பாரு சந்தையில மாட்டுக்கு வெலை கேக்கறப்ப முழிப்பாரே, அதே முழி."

கவுண்டர் சிரிக்கக்கூடாது என்றுதான் நின்றார். அவரால் முடியவில்லை.

"கல்கத்தா லைன் நேத்துத்தானுங்க கெடச்சுது," என்றார் என்னிடம். "லேபிளுக்குக் கூகை போடலாமான்னு கேட்டேன். ஏன், எதுக்குன்னு ஒண்ணும் கேக்கல. வெள்ளையா, பழுப்பான்னு மட்டும் கேட்டாரு. வெள்ளைன்னேன். அப்பச் சீக்கிரம் அனுப்புங்கன்னு வெச்சுட்டாரு."

"அப்பறம் என்னங்க?"

"ஏவாரத்துக்குச் செரிதான். எங்க மச்சானுக்கு வாய் இருக்குதுங்களே."

"எங்கண்ணனுக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார் பெரியாத்தாள். "இத்தன வருசமா வாயில சொல்லீட்டு இருந்தாரு. இந்தத் தீவாளிக்கு மொதப் பொட்டிய அவருக்கே அனுப்பறேன். போட்டுக்கட்டும். போட்டுட்டு எப்படிக் கேலி பேசறாருன்னு பாக்கறேன்."

கவுண்டர் அப்போதுதான் பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் வியாபாரியானார். குலத்தின் பெயரை எழுத்தில் எங்கும் போடக்கூடாது என்றார், ஒப்புக்கொண்டேன். காலண்டரில் இருப்பதுபோல் எவர் காலடியிலும் பறவை இருக்கக்கூடாது என்றார். நான் அப்படி வரையவே இல்லை என்று காட்டினேன். கடைசியாக, முழி கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, கண்ணைப் பாதி மூடிவிடலாமா என்று கேட்டார்.

"ஆகாதுங்க. கண்ணை மூடுனா அது கூகை இல்லீங்க. பொட்டி மேல தூங்கற கோழி."

"அவிய சொல்றது செரிதானுங்க," என்றார் பெரியாத்தாள்.

பிறகு என் பக்கத்து நிபந்தனைகளைச் சொன்னேன். படத்தின் மூலையில் என் பெயர் இருக்கும். சிவகாசியிலிருந்து மாதிரித் தாள் வந்தால் நேராக என் வீட்டுக்கு வர வேண்டும். வண்ணம் சரி என்று நான் சொன்ன பிறகே அச்சு ஓட வேண்டும்.

"அச்சாபீசுத் தொடர்பெல்லாம் வெள்ளையன்கிட்டத்தானுங்க இருக்குது," என்றார் கவுண்டர் தயக்கத்தோடு.

"இருக்கட்டுங்க. தாளை அவரே கொண்டாரட்டும். அவருக்கும் பொழப்பு வேணுமில்லீங்க. திருத்தம் மட்டும் நான் சொல்றேன்."

"அவருக்கு அது பிடிக்காதுங்க."

"பிடிக்கோணும்னு இல்லீங்க. கொண்டாந்தாப் போதும்."

கவுண்டர் ஒத்துக்கொண்டார். மோர் குடித்துவிட்டு எழுந்தவர், வாசற்படியில் நின்று இன்னொன்றையும் கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கான அளவில் தனிப்பெட்டி போடப் போகிறார்கள். அதற்கு ஒரு கூகைக் குஞ்சு வரைந்து தர முடியுமா?

"இன்னொண்ணா?" என்ற அத்தையின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது.

"தை பொறந்ததும் தர்றனுங்க. அதுக்கு முன்னால முடியாது," என்றேன். வண்டி புறப்பட்டுப் போயிற்று.

அத்தை கூடத்துக்கு வந்து பாயைச் சுருட்டினார். கூகை வீட்டை விட்டுப் போனதும் வாசலுக்கு மஞ்சள் நீர் தெளிக்கப் போவதாகச் சொன்னார். குஞ்சு வரும்போது மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும் என்றேன். "தெளிப்பேன்," என்றார்.

கந்தவேல் மாலையில் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றவில்லை. ஆணியில் மாட்டிய சைக்கிள் சாவியைத் திரும்ப எடுத்தார்.

"எங்கீங்க கெளம்பீட்டீங்க? காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"மேனேசர் ஊட்டுக்கு. அந்த எடத்த வேற ஆருக்காச்சும் குடுத்துரச் சொல்லீட்டு வந்தர்றேன். நாளைக்கு வரைக்கும் எதுக்கு இழுத்துட்டு இருக்கோணும்?"

அவர் போன பிறகு, பொழுது சாய்வதற்குள் பின்னணியின் கருநீலத்தை இன்னும் ஒரு கை பூசிவிடலாம் என்று வண்ணத்தைக் குழைத்தேன். வெள்ளைப் பறவை தெளிவாக நிற்க வேண்டுமானால், அதைச் சுற்றியிருக்கும் இருட்டு ஒரே சீராக இருக்க வேண்டும்.